முப்பத்தோராம் வாரம்

நீர்ப்பூங்காவுக்கு நான்கு இலவச டிக்கெட்.
அதற்காகத்தான் போனோம்.
வெளியே விஸ்கான்சின் பிப்ரவரி,
ஏரி இறுகிக் கிடந்தது.
தொண்ணூறு நிமிடம் காது கொடுத்தால் போதும் என்றார்கள்.
காலை உணவும் உண்டு:
ஆறிய முட்டை, தண்ணீர் விட்ட தர்பூசணி.

ரேண்டல் என்று பெயர் சொன்னார்.
குழந்தைகளின் பெயரை முதலில் கேட்டார்,
எங்கள் சம்பளத்தை மூன்றாவதாக.
நடுவில் கேட்டது இது:
"நால்வரும் சேர்ந்தாற்போல் ஏழு நாள்
கடைசியாக எப்போது இருந்தீர்கள்?"

லைல் என்னைப் பார்த்தான்.
நான் காபியைப் பார்த்தேன்.

அவனுக்கு லாரி ஆலையில் பகல் முழுக்க வெல்டிங்.
எனக்கு மருத்துவமனையில் இரவு முழுக்க ரத்தம் எடுக்கும் வேலை.
எங்கள் கட்டில் ஆறுவதே இல்லை,
அவன் எழுந்த சூட்டில் நான் படுக்கிறேன்.
ஒரு படுக்கையை முறை வைத்துப் பங்கு போடுவது
எங்களுக்குப் புதிதில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தர்பூசணியை வைத்து அடைத்துக்கொண்டேன்.

மாதிரி அறைக்குக் கூட்டிப் போனார்.
இரண்டு கை கழுவும் தொட்டி.
யாருடைய முடியும் ஒட்டாத சோப்பு.
லைல் சுவரைத் தட்டிப் பார்த்தான்,
அட்டை என்று உதடு அசைத்தான்.
கிண்ணத்தில் எலுமிச்சைகள் இருந்தன.
மிலோ ஒன்றைக் கடித்துவிட்டு
எங்களைப் பார்த்தான்,
ஏமாற்றியது நாங்கள்தான் என்பதுபோல.
பிளாஸ்டிக்.

விலை இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம் டாலர்.
நான் மூச்சை இழுத்தேன். பதினேழாயிரம் ஆனது.
லைல் கோட்டை எடுத்தான்.
ரேண்டல் எழுந்து போய்
இன்னொரு பெரிய மனிதரோடு திரும்பி வந்தார்,
பன்னிரண்டாயிரம் ஆனது.
இப்படியே உட்கார்ந்திருந்தால்
மதியத்துக்குள் நமக்கே காசு தருவார்கள் என்று
லைல் என் காதில் சொன்னான்.
சிரிப்பை அடக்கியதில் எனக்குப் புரையேறியது.
அவர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.
நல்ல மனிதர்கள்தான்.

பராமரிப்புக் கட்டணம் தனி. வருடா வருடம்.
ஏறுமா?
"கொஞ்சம்."
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
நரம்பு கிடைக்காத கையைத் தடவிக்கொண்டே
நான் தினமும் பேசுகிற குரல்:
கொஞ்சம்தான் வலிக்கும், அந்தப் பக்கம் பாருங்கள்.

நான் இந்தப் பக்கமே பார்த்தேன்.
தாளின் அடியில், பொடி எழுத்தில்,
நாங்கள் செத்தபின் இங்க்ரிட் கட்டுவாள் என்பதுபோல்
ஏதோ இருந்தது.
அவளுக்கு ஆறு வயது.
முன்பல் இரண்டு இல்லை.

மிச்சமிருக்கும் ஒரே கோடை வாரம் முப்பத்தொன்று என்றார்.
இங்க்ரிட் பிறந்த வாரம்.
அவர் அதை அறிந்து சொன்னாரா, தெரியாது.
பேனா என் விரலுக்குள் வந்திருந்தது.
கனமான பேனா. மூடி கழற்றியிருந்தது.

அப்போது அவள்தான் கேட்டாள்:
"மீதி வாரமெல்லாம்
என் படுக்கையில் யார் தூங்குவாங்க?"

"உன்னை மாதிரியே குடும்பங்கள், செல்லம்."

"அவங்க வீட்ல இருந்தா
அப்ப எங்க வீட்ல யாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை.
லைல் அவளுடைய பூட்ஸைத் தேட மேசைக்கடியில் குனிந்தான்.
வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

டிக்கெட் கொடுத்தார்கள். நான்கு மணிக்குள் செல்லுமாம்.
மூன்றே கால்.
குழந்தைகள் நீலம் பாய்ந்த உதட்டோடு கத்திக்கொண்டே சறுக்கினார்கள்,
நாங்கள் ஆளுக்கொரு துண்டைப் பிடித்து நின்றோம்.

திரும்பும் வழியில், இருட்டில்,
பின்னிருக்கை தூங்கியபின்
"நீ போட்டிருந்தால்
நானும் போட்டிருப்பேன்" என்றான் லைல்.
"நானும்" என்றேன்.
அதற்குப் பிறகு ஓஷ்காஷ் வரை
துடைப்பான் மட்டும் பேசியது.

மாத்திருந்த உடுப்போடு வேலைக்கு ஓடினேன்.
அட்டவணையில்
முப்பத்தோராம் வாரத்துக்கு நேரே என் பெயர்,
ஐந்து இரவு.
விடுப்புப் படிவம் ஒன்றை உருவினேன்.
நிரப்பலாமா என்று யோசித்தபடி
பையைத் துழாவினால்
அந்தப் பேனா.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது.
நன்றாகத்தான் எழுதுகிறது.